பன்னிரண்டு பத்திலிருந்து முப்பது நாள்

1

போன சனிக்கிழமை காலை, லீட்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு வாகன முற்றத்தில், என் மகள் மாதுரி கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்பா, இது ஸ்டார்ட் டைம் கேட்குது. எத்தனை மணிக்குப் போடுறது?"

ஜப்பானிலிருந்து இறக்கிய பழைய கார் ஒன்றை அவள் வாங்கியிருந்தாள். இங்கே இன்னும் பதிவாகவில்லை. இலக்கத் தகடு கிடையாது. சாசி நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கிழமைக்குக் குறுங்கால இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். அதை எடுத்தால்தான் பரிசோதனை நிலையம் வரை ஓட்டிப் போகலாம். எல்லாவற்றையும் விரலாலேயே நிரப்பிவிட்டாள். அந்த ஒரு கட்டம்தான் மிச்சம்.

"இப்ப!" என்று கத்தினேன். "இந்த நிமிஷம் போடு! பத்து மணி, பதினொரு மணி எண்டு ஒண்டும் வேண்டாம். இப்ப எண்டு போடு!"

முற்றத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாதுரி கையைத் தாழ்த்தினாள்.

"சரி, சரி. ஏன் கத்துறீங்கள்? ஒரு இன்சூரன்ஸ்தானே."

ஒரு இன்சூரன்ஸ்தான். நான் கொழும்பை விட்டு வந்து இந்த மாதத்தோடு முப்பத்தொரு வருடம். ஒவ்வொரு வருடமும் இந்த நாட்களில் ஊருக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்புவது என் பழக்கம். வெள்ளவத்தைக் கடற்கரை ரயில், காலி வீதி பஸ், கொட்டாஞ்சேனையில் நான் பிறந்த ஒழுங்கை என்று ஏதாவது எழுதுவேன். படித்தவர்கள் நல்லாயிருக்கு என்பார்கள். இந்த முறை அப்படியான ஒன்றை எழுத மனம் வரவில்லை. இது ஒரு கடதாசியைப் பற்றியது. அந்தக் கடதாசியில் போட்டிருந்த நேரத்தைப் பற்றியது.

2

வாகன இறக்குமதி மறுபடியும் திறந்த பிறகு, வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கச்சி சுகந்தியும் அவள் கணவர் நடேசனும் ஒரு கார் வாங்கத் தீர்மானித்தார்கள். மச்சான் நாற்பது வருடம் காலி வீதி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கொள்ளுப்பிட்டியில் வேலைக்குப் போய் வந்தவர். இப்போது இரண்டு முழங்காலும் பஸ் படியில் ஏற மறுக்கின்றன. ஜப்பானில் யாரோ இரண்டு வருடம் ஓடிய சின்ன வெள்ளைக் கார். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு வாகன விற்பனைச் சாலையில் நின்றது. அந்த மாதம் நானும் விடுமுறையில் அங்கே போயிருந்தேன்.

இருவருக்கும் ஓட்டத் தெரியாது. ஓட்டுவதற்கு பாரூக் இருந்தார். மாளிகாவத்தைக்காரர், ஐம்பத்தாறு வயது. சொந்த வாகனம் இல்லை. மற்றவர்களுடைய கார்களை ஓட்டிக் கொடுப்பதே அவர் தொழில். காரை வெள்ளவத்தைக்குக் கொண்டு வருவது, பிறகு கிழமையில் மூன்று நாள் மச்சானை வைத்தியசாலைக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போவது என்று பேச்சு. முப்பது வருடமாக லைசன்ஸ் வைத்திருப்பவர். ஒரு வழக்கும் இல்லை. அந்த அட்டையைப் பொலித்தீன் உறையில் போட்டு, அதையும் ஒரு கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார்.

ஊரில் புதுக் கார் வந்தால் நல்ல நேரம் பார்த்துத்தான் சில்லு உருளும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை என்று சுகந்தி முடிவு செய்துவிட்டாள். நேரம் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது.

"அண்ணா, நீங்கள்தானே எல்லாத்தையும் கொப்பியில எழுதுற ஆள். நேரத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

உண்மை. லீட்ஸில் ஒரு வைத்தியசாலையில் ஆவணப் பகுதியில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவன் நான். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்பதுதான் என் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மழை தொடங்கிய நேரம், மின்சாரம் போன நேரம் எல்லாம் கொப்பியில் இருக்கும். இராகுகாலத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் நேரம் பார்த்துச் சொல் என்று யாராவது கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. நாட்காட்டியைப் பார்த்தேன். வெள்ளி இராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு. பத்து நிமிடம் கூட்டி, பன்னிரண்டு பத்து என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

வியாழன் பின்னேரம் இன்சூரன்ஸ் ஏஜன்ட் ரெலிபோனில் வந்தார். பதிவு கிடைக்கும் வரை ஓட, சாசி நம்பரில் முப்பது நாளுக்கு ஒரு கவர் நோட். தற்காலிக இன்சூரன்ஸுக்கு அங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான்.

"இப்பவே போட்டு விடுறன் அண்ணை. இந்த நேரத்திலயிருந்தே ஓடும்."

"வேண்டாம். கார் நாளைக்கு பன்னிரண்டு பத்துக்குத்தான் வெளிக்கிடும். அப்ப இருந்து போடுங்கோ."

"காசு ஒண்டுதான் அண்ணை. முந்திப் போட்டா என்ன குறையப் போகுது?"

"முந்திப் போட்டா கடைசியில ஒரு நாள் குறையுமல்லோ. முப்பது நாள் எண்டா முப்பது நாள் இருக்க வேணும். கடதாசியும் இராகுகாலத்தில தொடங்காமல் இருக்கட்டும், தங்கச்சிக்குத் திருப்தி."

ஏஜன்ட் சிரித்தார். "லண்டன் ஆக்கள் கணக்கில புலி." நான் லண்டனில் இல்லை என்று திருத்தினேன். அதையும் திருத்தாமல் விட என்னால் முடியவில்லை.

கடதாசி இரவு வட்ஸப்பில் வந்தது. ஆங்கிலம், சிங்களம், அடியில் தமிழ். தமிழ் வரியில் பாதி எழுத்துகளுக்குப் பதில் சின்னச் சின்னச் சதுரங்கள். மூன்று மொழியில் அச்சடிக்க வேண்டும் என்று யாரோ சட்டம் சொல்லியிருக்கிறார்கள். தமிழை வாசிக்க முடிகிறதா என்று பார்க்கும்படி ஒருவரும் சொல்லவில்லைப் போலும். எனக்குக் கொதித்தது. சுகந்திக்கு அந்தச் சதுரங்களைக் காட்டி அரை மணித்தியாலம் பேசினேன். மேலே "12.10 p.m." என்று தெளிவாக இருந்த வரியைப் பார்த்து, சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று திருப்திப்பட்டேன்.

என் ஆத்திரம் தவறான வரியில் இருந்திருக்கிறது.

3

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கே விற்பனைச் சாலைக்குப் போய்விட்டோம். மச்சானின் கையில் ஒரு பையில் எலுமிச்சம்பழம், கற்பூரம், மாலை. பாரூக் வெள்ளைத் தொப்பியை மடித்துப் பையில் வைத்திருந்தார். அதை அப்போது கவனித்தேன், யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பத்துக்குக் கொட்டாஞ்சேனையில் காரை எடுத்து வெள்ளவத்தைக்கு ஓட்டு என்று ஒரு முஸ்லிமிடம் சொன்னால், ஜும்ஆத் தொழுகையை விடு என்றுதான் அர்த்தம். நாங்கள் பார்த்தது எங்கள் நேரத்தை மட்டும்.

பதினொன்றரைக்கு விற்பனைச் சாலை முகாமையாளர் ஓடி வந்தார். துறைமுகத்திலிருந்து வேறு வாகனங்கள் ஏற்றிய லொறி வெளியே நிற்கிறது, வாசலை மறித்துக்கொண்டு உங்கள் கார். "இக்மனட்ட, இக்மனட்ட!" கெதியாக, கெதியாக என்று சிங்களத்தில் அவசரப்படுத்திக் கையைத் தட்டினார்.

மச்சான் என்னைப் பார்த்தார். "இராகுகாலம் முடியேல்லையே."

"கேட்டுக்கு வெளியில விடுறது பயணம் இல்லைத்தானே மச்சான்," என்றேன். இப்படி ஒரு சட்டம் எங்கே எழுதியிருக்கிறது என்று இப்போது என்னையே கேட்கிறேன்.

பாரூக் கதவைத் திறந்தபடி என்னிடம் கேட்டார். "சேர், எடுக்கவா? கவர் நோட் இரிக்குதானே?"

"ஓம், இருக்கு. வெளியில ஓரமா மட்டும் விடுங்கோ."

இந்த ஆறு சொற்களைத்தான் இந்தக் குறிப்பு முழுவதும் சுமந்து வருகிறேன்.

அவர் காரை வெளியே எடுத்து, வீதி ஓரத்தில் ஒழுங்காக நிறுத்தினார். கார் நின்றுவிட்டது. ஒரு பஸ்ஸை முந்திக்கொண்டு வந்த மோட்டார் சைக்கிள் திருப்ப இடமில்லாமல் காரின் முன்பக்கத்தில் மோதியது. ஓட்டி வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்களவர். விழுந்த இடத்திலேயே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாரூக்தான் முதலில் ஓடிப் போய் அவரைத் தூக்கி நிழலில் இருத்தினார். மச்சான் கையிலிருந்து எலுமிச்சம்பழங்கள் வீதியில் உருண்டன.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். 11.38.

4

எந்தப் பொலிஸ் நிலையம் என்று எழுதவில்லை. அங்கே எங்களை யாரும் தரக்குறைவாக நடத்தவுமில்லை. சார்ஜன்ட் வயதானவர், மரியாதையானவர். ஆனால் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் திங்கட்கிழமைதான் வருவாராம். வாக்குமூலத்தைச் சிங்களத்தில்தான் எழுத முடியும்.

பதின்வயதில் கொட்டாஞ்சேனைக் கடைகளில் நான் சிங்களத்தில் பேரம் பேசியவன். முப்பத்தொரு வருடத்தில் அது எங்கோ போய்விட்டது. வாயைத் திறந்தால் ஆங்கிலம் வருகிறது. மச்சானின் சிங்களமோ பஸ் கொண்டக்டரோடு முடிந்துவிடும். நான் பிறந்த இடத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், நான் சொல்வதை எழுதுவதற்கு என் மொழி திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டுமாம். இதைச் சட்டப் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த மேசையில் அந்தப் புத்தகம் இருக்கவில்லை.

சார்ஜன்ட் கவர் நோட்டைப் பார்த்தார். பேனாவால் ஒரு வரியைத் தட்டினார். பாரூக்கிடம் லைசன்ஸை வாங்கினார். கைக்குட்டையை அவிழ்த்து, பொலித்தீனைப் பிரித்து அதைக் கொடுக்க பாரூக்குக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் வீதியில் ஓட்டியதாக வழக்கு வந்தால் லைசன்ஸ் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விபத்து நடந்த சரியான நேரம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. மோட்டார் சைக்கிள்காரர் வைத்தியசாலையில். முகாமையாளர் "மத்தியானம் போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் வெளியே வராந்தாவில் நின்றபோது, விபத்தைக் கேள்விப்பட்ட ஏஜன்ட் எனக்கு ரெலிபோன் எடுத்தார்.

"அண்ணை, நேரம் ஆருக்கும் சொல்லிட்டியளோ?"

"இல்லை."

"பன்னிரண்டே கால் எண்டு சொல்லுங்கோ. நான் ஒண்டும் கேக்கேல்லை, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை."

மச்சானும் அதையேதான் சொன்னார். "அரை மணித்தியாலம் தானே மச்சான். எல்லாருக்கும் நல்லம். பாரூக்குக்கும் நல்லம், விழுந்த மனுசனுக்கும் நல்லம்."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கும் அது நல்லம். புதன்கிழமை எனக்கு விமானம். பன்னிரண்டே கால் என்றால் நான் புதன்கிழமை பறந்துவிடலாம்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. விற்பனைச் சாலை வாசலில் ஒரு கமெரா இருந்தது. யாராவது ஒரு நாள் அதைப் பார்ப்பார்கள். மோதிய நேரம் அதில் இருக்கும். பொய் வெளிப்படும்போது நான் லீட்ஸில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பேன். பாரூக் மாளிகாவத்தையில் இருப்பார். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியவர் என்பதோடு, பொலிஸுக்குப் பொய் சொன்னவர் என்றும் ஆகியிருப்பார். வெளிநாட்டுக்காரர் ஊருக்கு வந்து யோசனை சொல்லிவிட்டுப் போவது இப்படித்தான். விலை கொடுப்பது அங்கேயே நிற்கிறவர்கள்.

உள்ளே கூப்பிட்டார்கள். சிங்களம் சரளமாகத் தெரிந்தவர் எங்களில் ஒருவர்தான். அதனால் என் வாக்குமூலத்தை மொழிபெயர்க்க நின்றவர் பாரூக். குற்றம் சாட்டப்படப் போகிறவரே சாட்சியின் வாய். இதைவிடக் கேவலமான ஏற்பாட்டை நான் எங்கும் பார்த்ததில்லை.

"வெலாவ கீயத?" என்றார் சார்ஜன்ட்.

பாரூக் என் பக்கம் திரும்பினார். "எத்தின மணி எண்டு கேக்கிறாரு சேர். நான் மணி பாக்கல்ல."

மச்சான் இருமினார். நான் கொப்பியைத் திறந்து மேசையில் வைத்தேன்.

"பதினொன்று முப்பத்தெட்டு. கவர் நோட் பன்னிரண்டு பத்துக்குத்தான் தொடங்குது. அப்பிடிப் போடச் சொன்னது நான். அது பாரூக்குக்குத் தெரியாது. அவர் கேட்டவர், கவர் நோட் இருக்கா எண்டு. ஓம், வெளியில விடுங்கோ எண்டு சொன்னதும் நான்."

பாரூக் என்னைப் பார்த்தார். கவர் நோட்டிலும் அந்தப் பன்னிரண்டு பத்துதான் என்பது அவர் காதில் விழுவது அதுதான் முதல் தடவை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"பன்னண்டு பத்தா?" என்று கேட்டார். "என்னத்துக்கு சேர் அப்பிடிப் போட்ட?"

"இராகுகாலம்," என்றேன். பொலிஸ் நிலையத்தில் அந்தச் சொல் எவ்வளவு சின்னதாகக் கேட்டது.

"இத அப்பிடியே சொல்லவா?"

"அப்பிடியே."

அவர் சார்ஜன்ட் பக்கம் திரும்பிப் பேசினார். நிறுத்தி நிறுத்தி, நீளமாகப் பேசினார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நேரத்தை மாற்ற அவருக்கு ஒரு மூச்சு போதும். அவரை மாட்டிவிட்டவன் நான். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டால் கேட்க எனக்கு என்ன உரிமை?

சார்ஜன்ட் இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துக்குத் தள்ளினார். ஒரு எழுத்துக்கூட எனக்கு வாசிக்க முடியாத இரண்டு பக்கம். ஆனால் இலக்கங்கள் எல்லோருக்கும் பொது. முதல் பக்கத்தின் நடுவில் 11.38. அதற்கு இரண்டு வரி கீழே 12.10.

கையெழுத்து வைத்தேன். வெளியே வந்தபோது மணி இரண்டு. பாரூக் பையிலிருந்து தொப்பியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தார்.

5

அன்று பின்னேரம் விமானச் சீட்டை மூன்று கிழமை தள்ளினேன். மாதுரி ரெலிபோனில் வந்தாள்.

"அப்பா, நீங்கள் ஓட்டேல்லை. அது உங்கட காரும் இல்லை. ஏன் போய் மாட்டினீங்கள்?"

இராகுகாலத்திலிருந்து தொடங்கி விளக்கினேன். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப இந்த ராகு ஆர்? அவருக்கு வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்ன வேலை?"

நான் சிரித்தேன். அந்தக் கிழமையில் முதல் சிரிப்பு. பிறகு யோசித்தால் எனக்கும் பதில் தெரியவில்லை. தெரியாத ஒருவருக்காக ஒரு மனிதனின் தொழிலைப் பணயம் வைத்திருக்கிறேன். அதை அவளுக்கு எந்த மொழியில் சொல்வது? என் தமிழில் பாதி அவளுக்குப் புரியாது. அவளுடைய ஆங்கிலத்தில் சொன்னால் எனக்கே விசர்க் கதை போல இருக்கும்.

இன்சூரன்ஸ் கந்தோருக்கு இரண்டு தரம் போனேன். வாடிக்கையாளர் கேட்டால் எந்த நேரத்தையும் போட்டுக் கொடுப்பீர்களா, கார் அதற்கு முன் வீதிக்கு வந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி எச்சரிக்கை தமிழில் போட முடியாதா என்று கேட்டேன். "சிஸ்டத்தில அப்படித்தான் சேர்" என்றார்கள். தமிழ் எழுத்துகள் இருந்த இடத்தில் சதுரங்கள் இருப்பதைக் காட்டினேன். "அதுவும் சிஸ்டம்தான் சேர்." சிஸ்டம் என்ற அந்த ஆளை எங்கே சந்திக்கலாம் என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கத்திவிட்டு வந்தேன். கத்திய பிறகு படியில் இறங்கும்போது, அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியது அவர்கள் அல்ல என்பது மறுபடியும் நினைவுக்கு வந்தது. அந்தக் கோபத்தை எந்தக் கந்தோரில் கொடுப்பது?

அந்த மூன்று கிழமையும் பாரூக், லைசன்ஸுக்குப் பதிலாகப் பொலிஸ் கொடுத்த தற்காலிகத் துண்டோடு திரிந்தார். அவரை வழமையாகக் கூப்பிடும் இரண்டு வீட்டுக்காரர்கள், வழக்கு முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். மச்சான் மோட்டார் சைக்கிள்காரரைப் போய்ப் பார்த்து, செலவைத் தன் பொறுப்பில் எடுத்தார். அந்த மனிதருக்கு யார் மீதும் கோபமில்லை. பஸ்காரன் மீது மட்டும்தான்.

வழக்கைக் கூப்பிட்டதும் ஒரு வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு. "ஐயோ, இராகுகாலத்திலையா," என்று சுகந்தி நெஞ்சில் கை வைத்தாள். காரின் சொந்தக்காரர் என்று மச்சானுக்கும், ஓட்டச் சொன்னவன் என்று எனக்கும் தண்டம். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நல்லவர், வேகமாகச் சொன்னார். பாரூக் சாட்சியாக மட்டும் நின்றார். அவர் மீது வழக்கில்லை.

லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் நால்வரும் நின்றோம். உள்ளே இருந்த பெண் அட்டையைத் தேடி எடுத்து வெளியே நீட்டினாள். சுகந்தி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பாரூக் நானா, இன்னும் கால் மணித்தியாலம்தானே. பன்னிரண்டு கழிய வாங்குங்கோவன். தொழில் விசயமல்லோ."

நான் அவள் பக்கம் திரும்பினேன். முப்பத்தொரு வருடக் கோபம் முழுவதையும் அவள் மேல் கொட்ட வாயைத் திறந்தேன். ஆனால் அதற்கு முன் பாரூக்கின் கை ஜன்னலுக்குள் போய்விட்டிருந்தது.

"தங்கச்சி, ஒங்கட ராகு பாவம். அவருக்கு இண்டைக்கு நெறைய வேல இரிக்கும். எனக்கு ஜும்ஆ இரிக்கி."

அட்டையைப் பொலித்தீனில் போட்டார், கைக்குட்டையில் சுற்றினார், சட்டைப் பையில் வைத்து ஒரு தரம் தட்டிப் பார்த்தார். மற்றப் பையிலிருந்து தொப்பியை எடுத்து உதறித் தலையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்ற முச்சக்கர வண்டியில் ஏறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கொப்பியை எடுத்தேன்.

"அண்ணா," என்றாள் சுகந்தி, "இதை எழுதாதேங்கோ. கெட்ட நேரம்."

எழுதினேன். 11.46. லைசன்ஸ் பாரூக்கின் கையில்.